காவலருக்குச் சங்கம் ஏன் இல்லை? போலீஸ் உத்தியோகத்தின் கதையும் கணக்கும்

2024 அக்டோபரில் தெலங்கானா சிறப்புக் காவல் படையினரின் குடும்பத்தார் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மாநிலம் முழுக்க ஒரே போலீஸ் முறை வேண்டும், வீட்டை விட்டு நெடுநாள் வெளியூரில் கிடக்கும் நிலை மாற வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். சில நாட்களில் 39 பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தொடர்ந்து 10 பேருக்கு வேலையே போனது. ஆசிரியர், மின்வாரிய ஊழியர், பேருந்து ஓட்டுநர் எல்லாரும் கொடி பிடிக்கிறார்கள், காவலருக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? தமிழ்நாட்டில் வார விடுப்பு, ஆர்டர்லி (அதிகாரியின் வீட்டு வேலைக்குக் காவலரை வைத்துக்கொள்வது) பற்றிய செய்திகள் வரும்போதும் இதே கேள்விதான் எழுகிறது.

“அது கட்டுப்பாடான படை” என்று பதில் வரும். அது பாதிப் பதில். மீதியை அறிய, இந்த உழைப்பை அரசு என்ன விலைக்கு, எத்தனை மணி நேரத்துக்கு வாங்கத் தொடங்கியது என்று பார்க்க வேண்டும்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வழியாகச் சேருபவர் இரண்டாம் நிலைக் காவலர். குறைந்தபட்சப் படிப்பு பத்தாம் வகுப்பு. ஆயுதப்படை, சிறப்புக் காவல் படை (பட்டாலியன்), பிறகு சட்டம் ஒழுங்கு நிலையம் என்று அவர் பாதை போகும். முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர், சிறப்பு உதவி ஆய்வாளர் என்பவை அடுத்தடுத்த படிகள். நெடுங்காலம் இருந்த கணக்குப்படி 10 ஆண்டில் முதல் படி, மேலும் 5 ஆண்டில் இரண்டாவது, மேலும் 10 ஆண்டில் மூன்றாவது. 22 வயதில் சேர்ந்தவர் 47 வயதில் தோளில் நட்சத்திரம் பார்ப்பார்.

இதை அரசாணைகள் பதவி உயர்வு என்பதில்லை, தரம் உயர்த்துதல் என்கின்றன. சம்பள நிலை மாறும். நேரடியாகத் தேர்வாகி வரும் 24 வயது உதவி ஆய்வாளர்தான் அப்போதும் மேலதிகாரி. இந்தப் பிளவு எங்கிருந்து வந்தது என்பது கீழே வரும்.

காவல் உரிமையாக இருந்தபோது

சம்பளப் போலீஸ் வருவதற்கு முன் தமிழகத்தில் காவல் ஒரு வேலை அல்ல, ஓர் உரிமை. ஊருக்குத் தலையாரி இருந்தார். பெருவழிகளுக்கும் வட்டாரத்துக்கும் தேசகாவல், ஊர்களுக்கு ஸ்தலகாவல் என்று பாளையக்காரர்களும் சில சாதியினரும் காவல் பார்த்தனர். அறுவடையில் பங்கு, மானிய நிலம், வீட்டுக்கு இவ்வளவு என்று காவல்கூலி வந்தது. பொருள் களவு போய்க் கண்டுபிடிக்க முடியாவிட்டால் காவல்காரரே ஈடு கட்ட வேண்டும் என்பது வழக்கம். களவு போனதை மீட்டுத் தர வாங்கும் பணத்துக்குத் துப்புக்கூலி என்று பெயர். காவல்காரருக்கும் கள்வருக்கும் இடையிலான கோடு மெல்லியதாக இருந்தது உண்மைதான். ஆனாலும் பொறுப்பும் வருமானமும் ஒரே இடத்தில் இருந்தன.

பிரிட்டிஷ் ஆட்சி இந்த உரிமையைப் படிப்படியாகப் பறித்தது. பறிகொடுத்தவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு தரவில்லை. மதுரைப் பக்கம் காவல் பார்த்த கள்ளர்களே பின்னாளில் குற்றப்பழங்குடிச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டுக் கைரேகை பதியக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு சமூகத்தின் காவல் வருமானம் ஒழிந்து அரசின் சம்பளப் பட்டியல் அந்த இடத்தைப் பிடித்ததன் கடைசிக் கண்ணிகளில் ஒன்று அது. போலீஸ் வரலாற்றை இலாகாவின் ஆண்டு விழா மலர்களில் படிப்பவர்களுக்கு இந்தப் பக்கம் தென்படாது.

1859: சீருடை, சம்பளம், 24 மணி நேரம்

சென்னை மாகாணத்தில் 1816 முதல் போலீஸ் அதிகாரம் கலெக்டர், தாசில்தார், கிராம முன்சீப் கையில் இருந்தது. வரி வசூலிப்பவரும் அடித்து விசாரிப்பவரும் ஒரே ஆள். வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் சித்திரவதை நடப்பதை 1855-இல் சித்திரவதை விசாரணை ஆணையம் உறுதி செய்தது. இரண்டையும் பிரிக்க வந்ததுதான் 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம். படையின் முதல் தலைவர் வில்லியம் ராபின்சன். இரண்டாண்டு கழித்து இந்தியா முழுமைக்குமான 1861 போலீஸ் சட்டம் வந்தது. சென்னை தன் பழைய சட்டத்தையே வைத்துக்கொண்டது. மாவட்டப் போலீஸ் சட்டம் என்ற பெயரில் அது இன்றும் தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கிறது.

முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது லண்டன் போலீஸை அல்ல, அயர்லாந்துக் காவல் படையை. லண்டன் காவலர் தெருவில் தனியாக நடப்பவர். அயர்லாந்துக் காவலர் துப்பாக்கியோடு லைனில் (படைக் குடியிருப்பில்) தங்கி, உத்தரவு வந்தால் கூட்டமாகக் கிளம்புபவர். இன்றைய போலீஸ் லைன் வீடு, காலை ரோல் கால், பட்டாலியன் எல்லாம் அந்த அச்சில் வார்த்தவை.

வேலை ஒப்பந்தம் என்ற கண்ணோடு 1861 சட்டத்தைப் படித்தால் நான்கு பிரிவுகள் கண்ணில் படும்.

1. பிரிவு 9: அனுமதியில்லாமலோ இரண்டு மாத முன்னறிவிப்பு இல்லாமலோ வேலையை விட முடியாது.
2. பிரிவு 10: எழுத்துமூல அனுமதியின்றி வேறு தொழில் கூடாது.
3. பிரிவு 22: போலீஸ் அலுவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார்.
4. பிரிவு 29: கடமை தவறினால் மூன்று மாதச் சம்பளம் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மூன்றாவதைக் கவனியுங்கள். “எப்போதும் பணியில்” என்ற சொல்லுக்குச் சட்டப்படி ஒரு நியாயம் உண்டு. வீட்டுக்குப் போகும் வழியில் கொலை நடந்தால் காவலர் தலையிட அதிகாரம் வேண்டுமே. ஆனால் அதிகாரத்துக்காக எழுதிய வரி நாளடைவில் வேலை நேரத்துக்கான வரியாகப் படிக்கப்பட்டது. எப்போதும் பணியில் இருப்பவருக்கு மிகைநேரம் எப்படி வரும்?

எட்டு ரூபாய்க்கு மூளை வேண்டாம்

1902-03-இல் ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையிலான போலீஸ் ஆணையம் நாடு முழுக்க விசாரித்தது. படை திறமையற்றது, பயிற்சி குறைந்தது, ஊழலும் ஒடுக்குமுறையும் நிறைந்தது என்றே மக்கள் நினைக்கிறார்கள் என்று ஒளிக்காமல் எழுதியது. காவலரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 8 ரூபாய் என்று பரிந்துரைத்தது.

தொகையைவிட அதன் பின்னிருந்த வேலைப் பிரிவினைதான் நிலைத்தது. காவலருக்குப் பாரா (ஓரிடத்தில் காவல் நிற்பது), வழிக்காவல், ரோந்து போன்ற எந்திரத்தனமான வேலைகள் மட்டும். யோசித்து முடிவெடுக்கும் வேலை, குறிப்பாகப் புலனாய்வு, மேலே உள்ளவருக்கு. அதற்காகப் படித்தவர்களை நேரடியாக உதவி ஆய்வாளராக எடுக்கச் சொன்னது. ஊழலுக்கு மருந்தாகச் சொல்லப்பட்ட இந்த ஏற்பாடு காவலர் வேலையை உடலுழைப்பாக முத்திரை குத்திவிட்டது. இன்றும் தேர்வில் பொதுப்பிரிவு ஆணுக்கு 170 செ.மீ. உயரம் கேட்கிறார்கள், 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடச் சொல்கிறார்கள். அந்த ஓட்டத்தில் வெல்பவர்களில் பட்டதாரிகளும் பொறியாளர்களும் கலந்திருப்பது 1903 ஆணையம் எதிர்பாராதது.

சம்பள விகிதத்தில் அந்த முத்திரை இன்றும் தெரியும். இரண்டாம் நிலைக் காவலருக்கு 18,200–67,100 ரூபாய். அதே பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் இளநிலை உதவியாளருக்கு 19,500–71,900. உதவி ஆய்வாளருக்கு 36,900–1,16,600. மேசையில் கோப்பு எழுதுபவரைவிட இரவு ரோந்து போகிறவரின் தொடக்கச் சம்பளம் 1,300 ரூபாய் குறைவு. படித்தொகைகளில் சரிக்கட்டுகிறோம் என்று நிதித்துறை சொல்லலாம். ஆனால் ஓய்வூதியக் கணக்கும் அகவிலைப்படியும் அடிப்படைச் சம்பளத்தைப் பிடித்துத்தான் நடக்கும்.

லண்டனில் மூண்ட பயம்

1829-இல் லண்டன் பெருநகரப் போலீஸ் தொடங்கியபோது காவலருக்கு வாரம் 21 ஷில்லிங். ஏறக்குறைய கூலித் தொழிலாளியின் வரும்படி. பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் வேண்டாம் என்றுதான் அந்தத் தொகையே வைக்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் சில ஆண்டுகளில் குடிக்காக நீக்கப்பட்டோ சலித்தோ போய்விட்டார்கள். ஆளைப் பிடித்துவைக்க அரசு கண்ட வழி ஓய்வூதியம். 1890 சட்டம் 25 ஆண்டுப் பணிக்கு அதை உரிமையாக்கியது. அது வெகுமதி மட்டுமல்ல, கால்கட்டும்தான். பதினைந்து வருடம் வேலை பார்த்தவர் வேலைநிறுத்தம் செய்தால் இழப்பது ஒரு நாள் கூலி அல்ல, முதுமை முழுவதும்.

முதல் உலகப்போரின்போது விலைவாசி ஏறியது. வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர் காவலரைவிட அதிகம் சம்பாதித்தார். 1918 ஆகஸ்ட் 30 அன்று லண்டன் காவலர்களில் பெரும்பாலோர், சுமார் 12,000 பேர், வேலைக்கு வரவில்லை. பிரதமர் லாயிட் ஜார்ஜ் நேரில் பேசிச் சம்பளத்தை உயர்த்தி முடித்துவைத்தார். காவலர்கள் அமைத்திருந்த சங்கத்துக்கு அங்கீகாரம் மட்டும் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு டெஸ்பரோ குழுவின் பரிந்துரைப்படி சம்பளம் பெரிதாக உயர்ந்தது. கூடவே 1919 போலீஸ் சட்டம் சங்கத்தைத் தடை செய்து, அதன் இடத்தில் வேலைநிறுத்த உரிமையில்லாத போலீஸ் கூட்டமைப்பை நிறுவியது. சங்கத்தைக் காக்க 1919 ஜூலை கடைசியில் லிவர்பூலில் பாதிப் படையும் லண்டனில் சிலரும் வெளியே வந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஓய்வூதியமும் போயிற்று. அதே செப்டம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனிலும் இதே கதை, நீக்கப்பட்டவர்கள் சுமார் 1,100 பேர்.

இங்கே தண்டனையோடு பேரமும் நடந்திருக்கிறது. சங்கத்தை எடுத்துக்கொண்ட அரசு, பதிலுக்கு நல்ல சம்பளமும் பேச ஒரு சட்டபூர்வ அமைப்பும் கொடுத்தது. இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தது பேரத்தின் முதல் பாதி மட்டும். ஒத்துழையாமை இயக்கத்தின் சூட்டில், 1922-இல், போலீஸாரிடையே அதிருப்தியைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. காவலருக்கான கூட்டமைப்பு வரவில்லை. 1946-இல் மலபார் சிறப்புக் காவல் படை வேலைநிறுத்தம் செய்தபோதும் பேச்சு மேசை இல்லை, பணிநீக்கம்தான் நடந்தது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது

1. அரசியல் சட்டம், 19-ஆவது பிரிவில் குடிமக்கள் எல்லாருக்கும் சங்கம் அமைக்கும் உரிமை தருகிறது. 33-ஆவது பிரிவில், இராணுவத்துக்கும் பொது ஒழுங்கு காக்கும் படைகளுக்கும் அதைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.
2. அந்த அதிகாரத்தில் வந்தது 1966-இன் போலீஸ் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம். முன் அனுமதியின்றித் தொழிற்சங்கத்திலோ அரசியல் அமைப்பிலோ சேரக் கூடாது. அங்கீகாரம் இல்லாத சங்கத்திலும், அது வெறும் சமூக, பொழுதுபோக்கு, மதக் காரியங்களுக்கானதாக இல்லாவிட்டால், இருக்கக் கூடாது. பத்திரிகைக்குப் பேசவும் கட்டுப்பாடு உண்டு. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.
3. தொழில் தகராறுகள் சட்டம் போலீஸ் பணியில் இருப்பவரைத் “தொழிலாளி” என்ற வரையறையிலிருந்தே வெளியே வைத்தது. தொழிலாளர் நீதிமன்றக் கதவு அத்தோடு மூடியது.
4. டெல்லிக் காவலர் சங்கம் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் 1966 சட்டத்தைச் செல்லும் என்றது.
5. உலகத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆவது உடன்படிக்கை, சங்க உரிமை போலீஸுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிடுகிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவும் இல்லை.

செய்திகளில் அடிக்கடி தவறாக வருவது இரண்டாவது விவரம். சட்டம் “சங்கமே கூடாது” என்று சொல்லவில்லை, “அனுமதியின்றிக் கூடாது” என்கிறது. கேரளத்தில் அரசு அங்கீகரித்த காவலர் சங்கம் இருக்கிறது, அதற்குத் தேர்தலும் நடக்கிறது. அங்கே சட்டம் ஒழுங்கு குலைந்துவிடவில்லை. ஆக, தமிழ்நாட்டில் சங்கம் இல்லாதது சட்டத்தின் கட்டாயத்தால் அல்ல, அரசுகள் எடுத்த முடிவால்.

1979

1973 மே மாதம் உத்தரப் பிரதேச ஆயுதக் காவல் படை கிளர்ந்தது. இராணுவம் இறங்கியது, முதலமைச்சர் கமலாபதி திரிபாதி பதவி விலகினார். 1979 மே மாதம் பஞ்சாபில் தொடங்கிய காவலர் போராட்டம் பல மாநிலங்களுக்குப் பரவியது. அன்றைய பீகாரின் பொகாரோவில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரை அடக்க இராணுவம் போய் உயிர்கள் போயின. தமிழ்நாட்டிலும் காவலர்கள் சங்கம் கேட்டுத் திரண்டார்கள். முன்னின்றவர்கள் நடவடிக்கைக்கு ஆளானார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில்தான் தரம் வீரா தலைமையிலான தேசியப் போலீஸ் ஆணையம் தன் முதல் அறிக்கையைத் தந்திருந்தது. முதல் அறிக்கையே காவலர்களின் நிலை பற்றியது. கீழ்நிலைப் போலீஸார் வாரம் ஏழு நாளும், நாளுக்கு 10 முதல் 16 மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்ற ஆய்வை அது எடுத்துக்காட்டியது. அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கும் ஆர்டர்லி முறையை ஒழிக்கச் சொன்னது. தமிழ்நாடு அரசு 1979-லேயே ஆர்டர்லியை ஒழித்து ஆணையிட்டது. அந்த ஆணையை நிறைவேற்றச் சொல்லி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவே 43 ஆண்டுகள். அடுப்படியில் நின்ற காவலர் கூட்டாகப் புகார் சொல்ல வழியிருந்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்குமா என்பது நியாயமான சந்தேகம்.

வார விடுப்பு ஏன் காகிதத்தில் நிற்கிறது

இங்கிலாந்தில் காவலருக்கு வார ஓய்வுச் சட்டம் 1910-இல் வந்தது. தமிழ்நாட்டில் அரசாணை வந்தது 2021-இல். அது அமலாகாததற்கு ஆய்வாளரின் கெடுபிடியைக் காரணம் சொல்வது எளிது. உண்மைக் காரணம் ஆள் கணக்கு.

ஒரே ஒரு பாரா இடத்தை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க ஒருவர் நிற்க வேண்டும். எட்டு மணி நேர முறையில் ஆண்டுக்கு 365 × 3 = 1,095 முறைப்பணிகள். ஒரு காவலருக்கு வார ஓய்வு 52 நாள், எல்லா விடுப்பும் பயிற்சியும் சேர்த்து 45 நாள் என்று வைத்தால், அவர் கிடைப்பது 268 நாள். 1,095-ஐ 268-ஆல் வகுத்தால் 4.09. ஒரு பாராவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், ஓய்வில்லை, விடுப்பில்லை என்று ஓட்டினால் இரண்டு பேர் போதும்.

இனி ஒரு நிலையம், கற்பனைக் கணக்காகவே. ஒப்பளிக்கப்பட்ட இடம் 40. காலியிடம் 6. சம்பளம் இங்கே, வேலை வேறெங்கோ என்று ஓ.டி.யில் (அதர் டியூட்டி, அதாவது வேறிடப் பணி) போனவர்கள் 5. மிச்சம் 29. பாரா, வரவேற்பு, இரண்டு ரோந்து என்று நான்கு முழுநேர இடங்களுக்கு 17 பேர். ரைட்டர் வேலைக்கு 2, கோர்ட்டுக்கு 2, சம்மன், தபாலுக்கு 2, தகவல் சேகரிப்புக்கு 1, ஓட்டுநர் 1, குற்றத் தனிப்படை 4. கூட்டினால் சரியாக 29. திருவிழா இல்லாத, தலைவர் யாரும் வராத, யாரும் சாகாத நாளுக்கு மட்டும் இது போதும்.

மறுநாள் பந்தோபஸ்துக்குப் பத்துப் பேர் அனுப்பச் சொல்லி மைக்கில் உத்தரவு வருகிறது. நான்கு முழுநேர இடங்களையும் பன்னிரண்டு மணி நேரமாக்கி விடுப்பை ரத்து செய்தால் 8 பேர் போதும், 9 பேர் மிச்சமாவார்கள். பத்தாவது ஆளைத் தனிப்படையிலிருந்து பிடுங்க வேண்டும். நகைத் திருட்டு வழக்கு நகராமல் கிடப்பதற்கும் இதுவே ஒரு காரணம். ஓய்வு நாளில் வந்தால் மிகைநேர ஊதியம் என்பது இந்த ஓட்டையை அடைக்கும் பஞ்சு. இன்னொரு ஆளை எடுப்பதைவிட அது மலிவு.

2014-இல் ஹைதராபாத் நிர்வாகப் பணியாளர் கல்லூரி, போலீஸ் ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்புக்காக நடத்திய நாடளாவிய ஆய்வில், நிலையங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகத் தெரிந்தது. தங்கள் ஆட்களுக்கு மாதம் ஒரு வார ஓய்வுகூடக் கிடைப்பதில்லை என்றவர்கள் நிலைய அதிகாரிகளில் 73.6 விழுக்காடு.

பெண்கள் இந்தக் கணக்குக்குள் பிற்பாடு வந்தார்கள். தமிழ்நாட்டில் 1973-இல் 22 பேரோடு தொடங்கியது, 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம். ஆண் உடலையும் லைன் வாழ்க்கையையும் வைத்து வகுத்த பணியில் அவர்களுக்குக் கழிப்பறை இல்லாத சாலையோரப் பந்தோபஸ்துதான் பெரும் தொல்லை. 2021-இல்தான் அதிலிருந்து விலக்கு அறிவிப்பு வந்தது.

குறை எந்த வழியாகப் போகும்

சங்கம் இல்லாத இடத்தில் காவலருக்கு மூன்று வழிகள்.

1. மேலதிகாரியிடம் மனு. ஓ.ஆர். எனப்படும் ஆர்டர்லி ரூமில் (அதிகாரி காவலரை நேரில் கேட்கும் அமர்வு; மேலே சொன்ன ஆர்டர்லி முறை வேறு) நேரில் சொல்லலாம். யார் மேல் புகாரோ அவர் வழியாகவே மனு மேலே போக வேண்டியிருப்பதுதான் சிக்கல்.
2. உயர் நீதிமன்ற ரிட். இடமாறுதல், தண்டனை, தரம் உயர்வு வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் தீர்கின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியாக வக்கீல் வைக்க வேண்டும். ஒருவருக்குக் கிடைத்த தீர்ப்பு அடுத்தவருக்குத் தானாக வராது.
3. குடும்பம். 1966 சட்டம் படை உறுப்பினரைத்தான் கட்டும், மனைவியைக் கட்டாது. தெலங்கானாவில் சாலைக்கு வந்தவர்கள் குடும்பத்தார் என்பது தற்செயல் அல்ல.

வெளிப்படையாகப் பேசினால் வருவது 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் கீழ் மெமோ. 3(ஏ) என்றால் சிறு தண்டனை: கண்டிப்பு, ஊதிய உயர்வைத் தள்ளிவைத்தல் போன்றவை. 3(பி) என்றால் முறையான விசாரணை, வேலை போகும் வரை செல்லும். ஊதிய உயர்வு நிறுத்தம் சிறிதாகத் தோன்றும். அதன் காலம் முடியும் வரை தரம் உயர்வுப் பட்டியலில் பெயர் வருவது தடைபடும் என்பதால் வலி அங்கேதான். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்குப் பதில் பங்களிப்புத் திட்டத்தில் வந்ததால், 1890-இல் போட்ட அந்தக் கால்கட்டு இளைய காவலர்களிடம் முன்போல் இறுக்கமாக இல்லாமல் போனது. அதன் இடத்தை லைன் வீடும் கூட்டுறவுச் சங்கக் கடனும் பிடித்தன.

2016 ஜூன் 4 அன்று கர்நாடகக் காவலர்கள் வேலைநிறுத்தம் என்ற சொல்லையே தொடாமல், எல்லாரும் ஒரே நாளில் விடுப்பு எடுப்பதாக அறிவித்தார்கள். அரசு அத்தியாவசியப் பணிகள் சட்டத்தை ஏவி, அழைப்பு விடுத்த அமைப்பின் தலைவரைக் கைது செய்தது. அந்த விண்ணப்பங்களில் எழுதியிருந்த கோரிக்கைகளில் சம்பளமும் வேலை நேரமும் வார ஓய்வும் இருந்தன.